கம்பியின் இரு முனையும் உடன்படும் விதம்



உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ உள்ள கணிப்பொறிக் கூடத்திற்குச் செல்லும்போது, மேசையின் பின்புறத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒவ்வொரு கணிப்பொறியிலிருந்தும் ஒரு வடம் புறப்பட்டுச் சுவர் ஓரமாகச் சென்று, மூலையிலுள்ள ஒரு பெட்டியில் முடிகின்றது. அப்பெட்டியைச் சுவிட்சு என்பர். விளக்கை ஏற்றி அணைக்கும் சுவிட்சு அன்று இது. பல கணிப்பொறிகளை இணைத்து, ஒன்று விடுக்கும் செய்தியை உரிய மற்றொன்றிடம் சேர்ப்பிக்கும் கருவி. வடத்தின் நுனியைச் செருகும் சதுரத் துளைக்குப் போர்ட்டு என்று பெயர். நாம் அதனை இணைப்பு வாய் என்போம். வடத்தைச் செருகிய இரண்டு மூன்று விநாடிகளில் அந்த வாயின் அருகே ஒரு சிறு விளக்கு ஒளிர்கின்றது. இணைப்பு அமைந்துவிட்டது என்று நாமும் வேலையைத் தொடங்கிவிடுகின்றோம்.

செருகியதற்கும் விளக்கு ஒளிர்ந்ததற்கும் இடையிலுள்ள அந்த இரண்டு மூன்று விநாடிகளில் நடப்பது யாது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் இப்படியொரு நிகழ்ச்சிக்குத் தேவை ஏன் வந்தது என்று காண்போம். கணிப்பொறிகளைக் கம்பியால் இணைக்கும் முறைகளுள் இன்று உலகெங்கும் பரவி நிற்பது ஈத்தர்நெட் என்பதாகும். 1973-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்னும் இருவர் இதற்கு வித்திட்டனர். அன்று எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே பொது வடத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. விநாடிக்கு ஏறக்குறைய முப்பது இலட்சம் பிட்டுகளே அதில் சென்றன. பிட் என்பது ஒன்று, சுழி என்னும் இரண்டில் ஏதேனும் ஒன்றைக் குறிக்கும் மிகச் சிறிய செய்தித் துணுக்கு.

பொது வடம் ஆதலின் அதற்கொரு பொது ஒழுங்கும் தேவைப்பட்டது. பேசுமுன் கேள், யாரேனும் பேசிக்கொண்டிருந்தால் பொறுத்திரு, இருவர் ஒருசேரப் பேசத் தொடங்கி மோதிக்கொண்டால், இருவரும் நிறுத்தி, வெவ்வேறு சிறு நேரம் காத்து, மீண்டும் தொடங்குக. ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரே இராட்டினம் இருந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தானே நீர் இறைக்க வேண்டும்? அது போன்றது இவ்வொழுங்கு. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டுமே செய்யும் இம்முறையை முறைமாற்றுப் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் இதனை ஹாஃப் டூப்ளெக்ஸ் என்பர்.

பின்னர் வடத்தின் அமைப்பு மாறியது. 1990-இல், முறுக்கிய செம்புக் கம்பி இணைகளைக் கொண்டு, ஒவ்வொரு கணிப்பொறியையும் தனித்தனி வடத்தால் நடுவிலுள்ள பெட்டியோடு இணைக்கும் முறை தரநிலையாக வகுக்கப்பட்டது. விநாடிக்கு ஒரு கோடிப் பிட்டு, அதாவது 10 மெகாபிட், இதன் வேகம். அனுப்புவதற்கு ஓர் இணை, பெறுவதற்கு ஓர் இணை என இருந்தமையால், இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசவும் வழி பிறந்தது. இருப்புப் பாதை ஒன்றாயிருந்த இடத்தில் இரண்டாகப் போட்டுவிட்டால், எதிர்வரும் வண்டிக்காக நிலையத்தில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை அல்லவா? இம்முறையை உடனிகழ் பேச்சு என்போம்; ஃபுல் டூப்ளெக்ஸ் என்பது இதன் ஆங்கிலப் பெயர்.

1995-இல் வேகம் பத்து மடங்காகி 100 மெகாபிட் ஆயிற்று. அப்பொழுதுதான் சிக்கல் எழுந்தது. வாயின் வடிவம் ஒன்றே; செருகும் நுனியும் ஒன்றே. ஆயினும் உள்ளே இருப்பது 10 மெகாபிட் கருவியா, 100 மெகாபிட் கருவியா என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை. வேகமாகப் பேசுபவன் பேச்சை மெதுவாகக் கேட்பவன் ஓரளவேனும் புரிந்துகொள்வான் என்று எண்ணாதீர்கள். இவற்றின் குறியீட்டு முறையே வேறு. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு வெறும் இரைச்சல். ஆயிரம் வாய்கள் உள்ள ஓர் அலுவலகத்தில் ஒவ்வொன்றின் வேகத்தையும் ஆள் வைத்துக் கையால் அமைப்பது இயலுமா? அமைத்தாலும், ஒரு கணிப்பொறியை மேசை மாற்றி வைத்தவுடன் எல்லாம் குழம்பிவிடும்.

ஆகவே, இரு முனைகளும் தாமே பேசி உடன்படும் ஒரு முறை, 100 மெகாபிட் தரநிலையோடு சேர்த்தே 1995-இல் வகுக்கப்பட்டது. நேஷனல் செமிகண்டக்டர் என்னும் நிறுவனம் உருவாக்கிய என்-வே என்ற முறை இதற்கு அடிப்படை. ஆட்டோநெகோஷியேஷன் என்பது இதன் தொழிற்பெயர். நாம் தானியங்கு உடன்பாடு எனலாம்.

இதில் ஓர் இடர்ப்பாடு இருப்பதை நுண்ணறிவுடைய மாணவர் உடனே கண்டுகொள்வர். பேசுவதற்கு ஒரு பொது மொழி இன்னும் முடிவாகவில்லை. அந்த முடிவுக்கு வரவோ பேசியாக வேண்டும். மொழி இல்லாமல் மொழியைப் பற்றி எவ்வாறு பேசுவது?

அதற்கு விடை பழைய கருவிகளிலேயே இருந்தது. 10 மெகாபிட் கருவி, சொல்வதற்குச் செய்தி ஏதும் இல்லாத நேரத்திலும், விநாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 16 பங்குக்கு ஒருமுறை ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். "நான் இருக்கின்றேன்" என்பதே அதன் பொருள். அத்துடிப்பு வந்துகொண்டிருக்கும் வரை மறுமுனை உயிரோடு இருக்கின்றது என்று அறியலாம். நின்றுவிட்டால் இணைப்பு அறுந்தது என்று கொள்ளலாம்.

புதிய முறையை வகுத்தவர்கள் அந்த ஒற்றைத் துடிப்பு இருந்த இடத்தில் ஒரு துடிப்புக் கொத்தை வைத்தனர். ஒரு கொத்தில் 33 இடங்கள். அவற்றுள் ஒன்றுவிட்டு ஒன்றாக 17 இடங்களில் துடிப்பு எப்போதும் இருக்கும். இவை தாளம் போன்றவை. தாளத்தட்டு இரண்டிற்கு இடையே 125 மைக்ரோவிநாடி; ஒரு மைக்ரோவிநாடி என்பது விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. இரு தட்டுகளின் நடுவே ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கும். இப்படி 16 இடங்கள். அங்கே துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. கொத்து முழுவதும் விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் முடிந்துவிடும்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டினடியில் விரல் பற்றி விலை பேசுவதை உங்களுள் சிலர் கண்டிருக்கக்கூடும். அருகில் நிற்பவர்க்குத் தெரிவது இருவர் கைகோத்து நிற்பது மட்டுமே. உள்ளே நடக்கும் எண் கணக்கு அவ்விருவருக்கே தெரியும். இத்துடிப்புக் கொத்தும் அத்தகையதே. பழைய 10 மெகாபிட் கருவி ஒரு துடிப்பை ஏற்றபின் உடனடியாகத் தொடர்ந்து வருவனவற்றைப் பொருட்படுத்தாது. ஆதலின் கொத்து முழுவதும் அதற்கு வழக்கமான ஒரே துடிப்பாகவே தோன்றும். கலக்கமுறாமல் தன் வேலையைச் செய்யும். புதிய கருவியோ கொத்தின் உள்ளே விரல் கணக்கைப் படித்துக்கொள்ளும். பழையதைத் தள்ளிவிடாமல், அதன் வழக்கத்திற்குள்ளேயே புதியதை வைத்த இத்திறம் பொறியாளர்கள் போற்றிக் கற்க வேண்டியதாகும்.

இனி அந்த 16 இடங்களில் எழுதப்படுவது யாது எனக் காண்போம். முதல் ஐந்தும் தான் எந்தக் குடும்பத்துக் கருவி என்பதைச் சொல்லும். அடுத்த எட்டும் தன்னால் இயல்வனவற்றின் பட்டியல்: 10 மெகாபிட்டில் முறைமாற்றுப் பேச்சு இயலுமா, உடனிகழ் பேச்சு இயலுமா, 100 மெகாபிட்டில் எவை இயலும், நெரிசல் மிகும்போது "சற்றுப் பொறு" என்று சொன்னால் கேட்குமா என்பன போன்றவை. எஞ்சிய மூன்றில் ஒன்று பழுது உண்டா என்பதையும், ஒன்று "நீ சொன்னதைப் பெற்றேன்" என்பதையும், கடைசி ஒன்று "சொல்ல இன்னும் ஒரு பக்கம் உண்டு" என்பதையும் குறிக்கும்.

இரு முனைகளும் தத்தம் பட்டியலைத் திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. எதிர்முனையிலிருந்து ஒரே பட்டியல் தொடர்ந்து மூன்று முறை மாறாமல் வந்த பின்னரே அதனை மெய்யென்று ஏற்கின்றன. ஏற்றபின், "பெற்றேன்" என்னும் குறியை இட்டுத் தம் பட்டியலை மீண்டும் அனுப்புகின்றன. எதிர்முனையின் "பெற்றேன்" என்னும் குறியும் மும்முறை வந்தாக வேண்டும். தான் சொன்னது கேட்கப்பட்டது என்பது இரு புறத்தாருக்கும் உறுதியான பின்பே அடுத்த படி.

அடுத்த படியில் பேரம் இல்லை. சந்தைத் தரகரிடமிருந்து இக்கருவிகள் வேறுபடுவது இங்கேதான். எது முதலில் வர வேண்டும், எது அடுத்து என்னும் ஒரே வரிசை எல்லாக் கருவிகளிலும் முன்கூட்டியே பதிந்துள்ளது. 1000 மெகாபிட் உடனிகழ் பேச்சு மேலே. 100 உடனிகழ், 100 முறைமாற்று, 10 உடனிகழ், 10 முறைமாற்று என்பன முறையே அதன் கீழே. இரு பட்டியல்களிலும் பொதுவாக உள்ளவற்றுள் மிக மேலானது எதுவோ, அதுவே முடிவு. இரு முனைகளும் தனித்தனியே கணக்கிட்டாலும், கையிலிருக்கும் செய்தியும் ஒன்று, விதியும் ஒன்று ஆகையால், விடையும் ஒன்றாகவே அமைகின்றது. ஒன்று மற்றொன்றுக்கு ஆணையிடவில்லை. இரண்டும் தம் நிலையை ஒளிக்காமல் கூறின, அவ்வளவே.

ஆனால் ஒரு முனை பேச மறுத்தால் என்ன ஆகும்? மாணவர்களே, நான் உங்களிடம் முதன்மையாகச் சொல்ல விரும்பியது இதனைத்தான்.

பேசத் தெரியாத பழைய கருவிகளுக்காகவும் தரநிலை ஒரு வழி செய்துள்ளது. எதிரிலிருந்து ஒற்றைத் துடிப்புகளே வருமாயின், அது 10 மெகாபிட் கருவி. ஓயாத 100 மெகாபிட் ஓட்டம் வருமாயின், அது 100 மெகாபிட் கருவி. இவ்வாறு குரலைக் கேட்டே வேகத்தை அறியலாம். எனினும் அந்தக் கருவி முறைமாற்றி மட்டுமே பேசுமா, உடனிகழ்ந்தும் பேசுமா என்பதைக் குரலிலிருந்து அறிய வழியே இல்லை. அந்நிலையில் முறைமாற்றுப் பேச்சு என்றே கொள்க என்பது விதி. பழைய கருவிகள் பெரும்பாலும் அவ்வாறே இருந்தமையால், அது பாதுகாப்பான ஊகம்.

இப்போது, உடனிகழ் பேச்சுக்கு வல்ல ஒரு கருவியை ஒருவர் "100, உடனிகழ்" என்று கையால் அமைத்துவிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பல கருவிகளில் அவ்வாறு அமைத்தவுடன் உடன்பாட்டுப் பேச்சு நின்றுவிடும். எதிர்முனை துடிப்புக் கொத்தை அனுப்பிப் பார்க்கின்றது, விடை இல்லை. வேகத்தைக் குரலால் அறிகின்றது: 100. பேச்சு முறையை விதிப்படி ஊகிக்கின்றது: முறைமாற்று. இரு முனையிலும் விளக்கு ஒளிர்கின்றது. ஒரு முனை எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்றிருக்கின்றது. மறுமுனையோ ஒருவர் பேசும்போது மற்றவர் பேசலாகாது என்றிருக்கின்றது.

விளைவைப் பாருங்கள். முறைமாற்று முனை பேசிக்கொண்டிருக்கும்போது எதிரிலிருந்து செய்தி வந்தால், அதனை மோதல் என்று எண்ணித் தன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகின்றது. உடனிகழ் முனையோ, மோதல் என ஒன்று உண்டென்பதையே எண்ணாமல், அறுபட்டு வந்த செய்தியைப் பழுதானது என்று எறிந்துவிடுகின்றது. போக்குவரத்துக் குறைவாயிருக்கும்போது இவை நேர்வது அரிது. போக்குவரத்து மிகும்போதுதான் செய்திகள் இழக்கப்பட்டு, மீண்டும் அனுப்பப்பட்டு, வேலை நத்தையாக ஊரும். ஆகையால் சிறு சோதனை செய்து பார்ப்பவர்க்கு எல்லாம் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும்.

நான் அறிந்த ஒரு பள்ளியில் இவ்வாறே நிகழ்ந்தது. கணிப்பொறிக் கூடத்தில் ஓரிருவர் வேலை செய்தால் தடை இல்லை. வகுப்பு முழுவதும் ஒருங்கே பாடத்தைத் திறந்தாலோ, தேர்வுக்குரிய மாணவர் விவரங்களை அனுப்ப முயன்றாலோ, திரை அசையாமல் நின்றுவிடும். பிள்ளைகள் ஏதோ விளையாட்டை ஏற்றிவிட்டார்கள் என்றனர் சிலர். கணிப்பொறி ஆசிரியருக்குத் தொழில் போதாது என்றனர் வேறு சிலர். வடங்கள் அனைத்தையும் பெயர்த்தெறிந்து புதியன போடுவதற்கு ஒரு செலவுக் கணக்கும் ஆயத்தமாயிற்று. ஒரு கிராமப் பள்ளிக்கு அது சிறு தொகை அன்று. அந்நிலையில், வேறொரு வேலையாக வந்த ஓர் இளைஞர், இரண்டு சுவிட்சுகளிலும் பதிவாகியிருந்த பிழைக் கணக்கைப் படித்துப் பார்த்தார். ஒன்றில் காலங்கடந்த மோதல்கள் மலிந்திருந்தன. மற்றொன்றில் ஒரு மோதலும் இல்லை, பழுதான செய்திகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்தன. அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு முனையைக் கையால் அமைத்துவிட்டுச் சென்றிருந்தனர். அதனைத் தானியங்கு உடன்பாட்டுக்கு மாற்றினார். வேலை சில நிமிடங்களில் முடிந்தது. வடங்கள் பிழைத்தன, ஆசிரியர் மேல் சுமந்த பழியும் நீங்கிற்று.

அப்படி அமைத்தவரை நாம் இகழ வேண்டுவதில்லை. தொடக்க ஆண்டுகளில் தரநிலையின் சில பகுதிகள் தெளிவின்றி இருந்தமையால், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் சில வேளை உடன்படத் தவறின. ஆகவே, "இப்பேச்சை நம்பாதே, கையால் அமைத்துவிடு" என்பது தொழில் செய்வோரிடையே ஒரு வழக்கமாயிற்று. 1998-இல் தரநிலை திருத்தப்பட்டு ஐயங்கள் களையப்பட்டன. ஆயினும் காரணம் மறைந்த பின்னும் வழக்கம் மறையாமல் நின்றது.

1999-இல் செம்பு வடத்தில் 1000 மெகாபிட் வேகம் வந்தபோது, இவ்வுடன்பாடு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வேகத்தில் வடத்திலுள்ள நான்கு இணைகளிலும் இரு திசையிலும் ஒருசேரச் செய்தி ஓடுகின்றது. அதற்கு ஒரு முனையின் தாளத்தை மறுமுனை பின்பற்ற வேண்டும். நாகசுரம் தவிலோடு சேர்வது போல என்று கொள்ளுங்கள். யார் தாளம் வகுப்பது என்பதையும் இதே பேச்சில் முடிவு செய்கின்றன. பல வாய்கள் உடைய சுவிட்சுக்கு முதலிடம். இருவரும் ஒத்த நிலையினர் என்றால், ஒவ்வொருவரும் மனம்போனபடி ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பெரிய எண் சொன்னவர் தாளம் வகுப்பார். எண்ணும் ஒன்றாயின் மறுபடியும் சொல்ல வேண்டும். 2006-இல் செம்பு வடத்திலேயே விநாடிக்கு ஆயிரம் கோடிப் பிட்டு என்னும் வேகம் வகுக்கப்பட்டபோதும், இரு முனைகளின் முதற்பேச்சு அதே துடிப்புக் கொத்தாகவே நின்றது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. பேச்சு நடைபெறுவது இரண்டு இணைகளில் மட்டுமே. மற்ற இரண்டில் ஒன்று அறுந்திருப்பினும் இரு முனைகளும் 1000 என்றே உடன்பட்டுவிடும். பின்பு இணைப்பு அமையாமல் திரும்பத் திரும்ப முயலும். சில கருவிகள் சிலமுறை முயன்று தோற்றபின் தாமே 100-க்கு இறங்கும். அங்ஙனம் செய்யாத கருவிகளும் உண்டு. கருவிகள் தம் ஆற்றலைச் சொல்லும். வடத்தின் நலத்தை நாமேதான் சோதிக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று. இரு முனைகளையும் தானியங்கு உடன்பாட்டில் விடுங்கள். பழைய கருவி ஒன்றுக்காகக் கையால் அமைத்தே தீர வேண்டுமெனில், இரு முனைகளையும் ஒன்றுபோல் அமையுங்கள். ஒன்றை மட்டும் அமைக்காதீர்கள். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால், பேச்சை நிறுத்தாமல், கருவி இடம் தருமாயின் அது சொல்லும் பட்டியலைச் சுருக்குங்கள். எதிர்முனைக்கு உண்மை தெரிந்துவிடும். ஊகிக்க வேண்டிய தேவை எழாது.

நாளை உங்களுள் சிலர் இத்துறையில் பணியாற்றப் போகின்றீர்கள். வேலை நடக்கவில்லை என்று ஒருவர் முறையிடும்போது, விளக்கு ஒளிர்கின்றதே என்று சொல்லித் திரும்பிவிடாதீர்கள். வடத்தின் ஒரு முனையைப் பார்த்தபின் எழுந்து நடந்துசென்று மறுமுனையையும் பாருங்கள். அங்கே என்ன எண்ணிக்கொண்டிருக்கின்றது என்று கேளுங்கள். பள்ளியில் அவ்விளைஞர் செய்தது அவ்வளவுதான். அதைச் செய்ய அதுவரை ஒருவரும் முன்வரவில்லை.